கன்னம்பாடியில் எத்தனை அடி?

2023 செப்டம்பர் கடைசி வாரம். நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு கடைத்தெருவில் ஒரு டீக்கடை. டிவியில் காவிரிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று 26ஆம் தேதி பெங்களூரில் பந்த், 29ஆம் தேதி கர்நாடகம் முழுக்க பந்த். மண்டியாவில் பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கிளாஸைப் பலகையில் ணங்கென்று வைத்தார். "அணை நிறைய தண்ணிய வச்சுக்கிட்டு ஒப்பாரி வேற வைக்கிறானுங்க" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

அவர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு ஏக்கர் நேரடி விதைப்பு விட்டிருந்தார். முளைத்த பயிர் கருகிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் வயலில் கால் வைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வெடிப்புக்குள் பாதி விரல் போகிறது என்று சொல்லியிருந்தார்.

நானும் அந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் பார்த்தது வேறு. உட்கார்ந்திருந்த வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். வெள்ளை மீசை, இடது காதில் கடுக்கன், கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. அந்த மனிதர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அவர் என் நண்பனின் அப்பா. நண்பனும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம், ஒரே அறையில் மூன்று வருடம் தங்கினோம். அவன் மண்டியா மாவட்டம் மளவள்ளி தாலுகாவில் ஒரு கிராமத்துக்காரன். ஓசூர் வந்த ஆறு மாதத்தில் தமிழ் பேசினான். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். 2011 ஆகஸ்டில், வரமகாலட்சுமி நோன்புக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டான்.

போகலாமா என்று யோசித்தேன். காரணம் இருந்தது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, 1991 டிசம்பரில், என் அத்தை இரண்டு பிள்ளைகளோடு விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. காவிரி நடுவர் மன்றம் அந்த வருடம் ஜூன் 25ஆம் தேதி இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடித் தண்ணீர். டிசம்பர் 11ஆம் தேதி மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. மறுநாளே பெங்களூர் பற்றிக்கொண்டது. அத்தை வீடு ஸ்ரீராம்புரத்தில். மாமா இஸ்திரிக் கடை வைத்திருந்தார். கடையைக் கொளுத்திவிட்டார்கள், வாடிக்கைக்காரர்களின் துணியோடு. அத்தை கையில் இருந்தது ஒரு எவர்சில்வர் குடம். அதற்குள் பிள்ளைகளின் உடுப்பைத் திணித்து வாய்க்குத் துண்டு கட்டியிருந்தது. அந்தக் குடம் இன்னும் வீட்டில் இருக்கிறது. கழுத்தில் அத்தையின் பெயர் கன்னட எழுத்தில் வெட்டியிருக்கும்.

ஆக, காவிரிப் பிரச்சினை என்றால் எனக்குத் தெரிந்த முகம் அதுதான். குடத்தோடு வாசலில் நின்ற அத்தை. எதிர்ப்பக்கம் முகமே கிடையாது. "கர்நாடகாக்காரன்" என்கிற ஒரு சொல், அவ்வளவுதான்.

சரி, போனேன். தஞ்சாவூரில் மாலையில் மைசூர் விரைவு ரயிலில் ஏறினேன். மயிலாடுதுறையிலிருந்து வருகிற வண்டி. காவிரி கடலில் கலக்கிற பக்கத்திலிருந்து கிளம்பி, அது இறங்கி வருகிற பக்கம் போகிறது. மறுநாள் காலை மண்டியாவில் இறங்கியபோது இரண்டு பக்கமும் கரும்பு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊரில் அரிச்சந்திரா நதியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அப்பாவுக்கு போன் போட்டேன். "இன்னும் ரெகுலேட்டருக்கே வரலப்பா" என்றார்.

நண்பன் வீடு அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போகப் போகக் கரும்பு குறைந்தது. அப்புறம் நெல் குறைந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் கேழ்வரகும் காய்ந்த கட்டாந்தரையும்தான். தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டேன். "இது கொனெ பாகம்டா" என்றான். கொனெ என்றால் கடைசி. கொனெ பாகம் என்றால் கால்வாயின் கடைசிப் பகுதி. நாங்கள் கடைமடை என்று சொல்கிறோமே, அதேதான்.

கன்னடத்துக்காரனுக்கும் கடைமடை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் கடைமடை என்றால் நாம்தான். கல்லணையில் பிரிந்த வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, மேலும் மேலும் பிரிந்து, கடைசியாக எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் மேட்டூர் திறந்து எத்தனையோ நாளாகிவிடும். எங்களுக்கு மேலே இருக்கிற எல்லோரும் தலைமடை. மன்னார்குடிக்காரரே எங்களுக்குத் தலைமடை. அப்படியானால் கிருஷ்ணராஜ சாகர் அணையின் காலடியில் இருக்கிற மண்டியா மாவட்டம் தலைமடைக்கும் தலைமடை அல்லவா? அங்கே ஒருவன் தன்னைக் கடைசி என்கிறான்.

வீட்டு வாசலில் அவன் அப்பா நின்றார். அவன் அப்பாஜி என்று கூப்பிட்டான், நானும் அப்படியே கூப்பிட்டேன். "ஊட்டா ஆய்தா?" என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். கூடத்தில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் படம், அதற்கும் பூ. விஸ்வேஸ்வரய்யா. அணையைக் கட்டியவர். எங்கள் பக்கம் கரிகாலனைச் சொல்வது போல அவர்கள் அவரைச் சொல்கிறார்கள். களியும் அவரைச் சாறும் சாப்பிட்டு முடித்ததும் அப்பாஜி செய்தித்தாளை எடுத்துக் கண்ணருகில் வைத்துக்கொண்டு மகனிடம் ஏதோ கேட்டார். மகன் சொன்னான். என்ன கேட்டார் என்றேன். "கன்னம்பாடி எத்தனை அடின்னு கேட்டார்."

கிருஷ்ணராஜ சாகரை அவர்கள் கன்னம்பாடி என்றுதான் சொல்கிறார்கள். அணைக்குள் மூழ்கிப்போன ஊரின் பெயர். முழுக் கொள்ளளவுக்கு 124.80 அடி. எங்கள் வீட்டில் அப்பா காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மேட்டூர் எத்தனை அடி?" அதற்கு 120 அடி. என் தாத்தாவும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் ஒரு இழுப்பு இருக்கும், கெட்ட செய்தி வரும் என்று தெரிந்தே கேட்கிற இழுப்பு. அதே இழுப்பை நான் அந்தக் கூடத்தில் கேட்டேன். இந்த இரண்டு அணைகளும் 1924இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் மனதில் பட்டது.

சாயந்தரம் வயலுக்குப் போனோம். இரண்டு ஏக்கர். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் மதகை அவர்கள் தூபு என்கிறார்கள். நம் தூம்புதான். அப்பாஜி என்னை அங்கே அழைத்துப் போய் நிறுத்தினார். இரும்புப் பலகை துருப்பிடித்துப் பாதியில் மாட்டியிருந்தது. குழாய்க்குள் முழங்கை நீளத்துக்குப் புல் முளைத்திருந்தது. வாய்க்காலுக்குள்ளேயே இரண்டு ஆடுகள் மேய்ந்தன. அவர் குனிந்து அந்தப் புல்லில் ஒரு பிடி பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. வாய்க்காலில் இவ்வளவு புல் வளர வேண்டும் என்றால் எத்தனை நாள் தண்ணீர் ஓடாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கடைமடைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் விடும்போதும் கட்டு நீருதான் என்றான் நண்பன். சில நாள் விடுவார்கள், சில நாள் நிறுத்துவார்கள். எங்கள் முறைப்பாசனம். முறை வரும்போது மேலே இருக்கிறவன் இன்னொரு ராத்திரி கூட்டிப் பாய்ச்சிக்கொள்வான், கீழே வருவதற்குள் முறை முடிந்துவிடும். இதையும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அப்பாஜி கேட்டார். "நிமகெ மூரு பெளெ, நமகெ ஒந்து." உங்களுக்கு மூன்று போகம், எங்களுக்கு ஒன்று. குரலில் கோபம் இல்லை, உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற தோரணை. எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ஒரு போகம்தான், சம்பா மட்டும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. தஞ்சாவூர் என்றால் மூன்று போகம் என்று அவருக்கு அவர் அப்பா சொல்லியிருக்கிறார். நான் நண்பனை மொழிபெயர்க்கச் சொல்லி முழுக்கச் சொன்னேன். மேலே கும்பகோணம் பக்கம் குறுவை, தாளடி உண்டு. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் சம்பா, வராவிட்டால் அதுவும் இல்லை. போர் போட்டுக்கொள்ளலாமே என்றார். போட்டால் உப்புத் தண்ணீர் வரும் என்றேன். எவ்வளவு ஆழத்தில்? எவ்வளவு ஆழம் போனாலும் உப்புதான், கடல் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

அந்த வார்த்தைக்கு அவர் நின்றுவிட்டார். "உப்பா?" என்று திரும்பக் கேட்டார். தரைக்கு அடியில் தண்ணீர் இருந்தும் பயிருக்கு ஆகாது என்பதை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் இரண்டு தடவை அதையே மகனிடம் சொன்னார்.

அவருக்கு எங்களைப் பற்றி ஒரு கதை, எனக்கு அவர்களைப் பற்றி ஒரு கதை. அணை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கரும்பு போட்டுக் கொழுக்கிறார்கள் என்பது என் கதை. மண்டியா ஸ்டேஷனில் இறங்கியதோடு திரும்பியிருந்தால் அந்தக் கதைக்குச் சாட்சியும் கிடைத்திருக்கும். இன்னும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனதுதான் காரியம். ஓர் ஊருக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் அந்த ஊரில் எதுவரை போனீர்கள் என்று கேட்பது எனக்கு அதிலிருந்து வந்த பழக்கம்.

திரும்பும்போது நண்பன் வேறு வழியாகக் கூட்டி வந்தான். அந்தத் தாலுகாவிலேயே தொரெகாடனஹள்ளி என்று ஓர் ஊர். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீரை ஏற்றுகிற நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மேட்டுக்கு ராட்சதக் குழாய்களில் தண்ணீர் போகிறது. அப்பாஜியின் காய்ந்த தூபு இருக்கும் தாலுகா வழியாகத்தான் அத்தனையும் போகிறது. ஸ்ரீராம்புரத்தில் என் அத்தை வருடக்கணக்காகக் குடித்ததும் அந்தத் தண்ணீராகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் கழித்து 2016 வந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொன்னது. 12ஆம் தேதி அதை 12,000 ஆக மாற்றியது. அன்றைக்கே பெங்களூரில் தீவைப்பு. தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பேருந்துகள் நிறுத்தியிருந்த இடத்திலேயே முப்பதுக்கும் மேல் எரிந்தன. இந்தப் பக்கம் ராமேசுவரத்தில் கர்நாடக வண்டியின் ஓட்டுநரை அடிக்கிற காணொளி ஒன்று கைக்குக் கை போனது. நான் அதற்குள் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அத்தை மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். இரவு ஒன்பது மணிக்கு மளவள்ளியிலிருந்து போன். "உன் அத்தை பையன் எங்கடா இருக்கான்?" என்பதுதான் நண்பனின் முதல் வார்த்தை. பத்திரமாக அறையில்தான் இருந்தான்.

அன்று எனக்குக் கோபம் வந்தது, பேருந்துகள் எரிவதைப் பார்த்து உடம்பு நடுங்கியது. ஆனால் கோபம் ஓர் இடத்தில் போய் நின்றது. கொளுத்துகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒருவன் கையிலாவது வாய்க்கால் மண் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போகாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கூட்டமும் அப்பாஜியும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு வீட்ல சாப்பிட்டுட்டு வந்த. நல்ல மனுசங்க. சரி. அதுக்காக நம்ம தண்ணிய விட்டுக் குடுத்துடுவியா?" விட மாட்டேன் என்றேன். அதுதான் உண்மை. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. கருகிய வயலைப் பார்த்து மாரடைத்துச் செத்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. நான் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்ததால், நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் நமக்கு விடச் சொன்ன 192 டிஎம்சி 180 ஆகிவிடாது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியபோது, குறைத்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றபோது, நானும் மறியலில் உட்கார்ந்தேன். உரிமை உரிமைதான். கேட்கிற குரல் மட்டும் மாறியிருந்தது. "கன்னடனே" என்று தொடங்குகிற கோஷத்துக்கு வாய் திறக்கவில்லை. தண்ணீர் கேட்கிற கோஷத்துக்குத் தொண்டை கட்டுகிற வரை கத்தினேன்.

போய் வந்தால் மனசு இளகிவிடும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. அத்தை அங்கே பதினெட்டு வருடம் வாழ்ந்தது. என் இரண்டு நாளை அதோடு ஒப்பிடவே முடியாது. இன்றைக்கும் பெங்களூர் என்றால் அத்தை முகம் மூடிக்கொள்ளும், ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. ஆனால் நடவுக்கு நாற்றுமுடி எண்ணும்போது அத்தை தன்னையறியாமல் "ஒந்து, எரடு, மூரு" என்றுதான் எண்ணும். நடவாள்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எந்த ஊர் அதை விரட்டியதோ அந்த ஊரில்தான் அத்தை எண்ணக் கற்றது. இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

என் பெரியப்பாவுக்கும் இப்படி ஒன்று இருந்தது. வாலிபத்தில், அறுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணம் போய் வந்தவர். வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் அது அக்கரைதான். 1981இல் மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். 97,000 புத்தகங்கள் போயின. ஊரில் எல்லோரும் கொதித்தார்களாம், கூட்டம் போட்டார்களாம். பெரியப்பா எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. "அந்தப் படிக்கட்டுல உக்காந்து பேப்பர் படிச்சிருக்கேன்" என்று மட்டும் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, புத்தகம் எரிந்ததற்கு ஒரு படிக்கட்டைப் பற்றி ஏன் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது என் கையிலும் ஒரு பிடி புல் இருக்கிறது.

அதனால்தான் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தது. செய்தியைப் படித்தேன், வருத்தப்பட்டேன், அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு திண்ணை இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்ட குரல் இல்லை. போன ஊருக்கு ஒரு மனசு, போகாத ஊருக்கு ஒரு மனசு என்று இருப்பது நியாயமில்லை. எல்லா ஊருக்கும் போகவும் முடியாது. இதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் உட்கார்ந்து பேசினார்கள். காவிரிக் குடும்பம் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வந்து டெல்டாவைப் பார்த்தார்கள், இங்கிருந்து போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். அதில் முன்னின்றவர் மன்னார்குடி ரங்கநாதன். 1983இல் நடுவர் மன்றம் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன டெல்டா விவசாயிகளின் வழக்கு அவருடையது. வழக்குப் போட்டவரே எதிராளி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார், வழக்கை வாபஸ் வாங்காமல். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. தண்ணீர் குறைகிற வருடத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அந்தக் குடும்பம் முடித்துவைக்கவில்லை. அது நீதிமன்றத்தில்தான் போய் நின்றது. இருந்தாலும் இரண்டு பக்கமும் நூறு பேராவது எதிர்ப்பக்கத்து மதகைக் கண்ணால் பார்த்திருந்தால் டிவிக்காரர்களுக்கு இவ்வளவு தீனி கிடைத்திருக்காது என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

டீக்கடைக்கு வருகிறேன். அன்று அந்தப் பெரியவரிடம் நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. கருகிய பயிரை வைத்துக்கொண்டிருப்பவரிடம் அடுத்தவன் கஷ்டத்தைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. "அங்கயும் கடைமடை இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன். என்னைப் பார்த்தார். "அங்க எப்படிப்பா கடைமடை?" என்றார். அந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார். சொன்னேன். தூபுக்குள் புல் முளைத்திருந்ததைச் சொன்னபோது, "ஆடு மேஞ்சுச்சா?" என்றார். மேய்ந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீக்குக் காசு கொடுத்தார். அக்டோபர் 11ஆம் தேதி டெல்டா முழுக்கக் கடையடைப்பு. அவரும் நானும் ஒன்றாகத்தான் போனோம்.

2024இல் நல்ல மழை. ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டது. அப்பா அன்று காலை கேள்வியே கேட்கவில்லை, அவரே எங்களுக்குச் சொன்னார். ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்தது. முன்னால் நுரையும் சருகும், பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். நான் மதகுப் பலகையைத் தூக்கிவிட்டுக் கரையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. நண்பன் எண். பேசியது அப்பாஜி.

"நீரு பந்தா?" என்றார்.

வந்துவிட்டது, முழங்கால் அளவு ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். சந்தோஷம் என்றார். உப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போகுமா என்று கேட்டார், போகும் என்றேன். உங்களுக்கு எப்படி என்று நானும் கேட்டேன்.

"நமகெ இன்னூ பந்தில்ல" என்றார். எங்களுக்கு இன்னும் வரவில்லை.

என் காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைக்காமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.